கண்ணிருந்தும் காணாத காவலன்

மன்திக் என்னும் தருக்கக் கலையை ஓதத் தொடங்கும் மதரஸா மாணவன் தொடக்கப் பாடங்களிலேயே கற்றுக்கொள்ளும் பாகுபாடு ஒன்று உண்டு. அறியாமை இருவகைப்படும். ஒருவன் ஒன்றை அறியாதிருக்கிறான். தான் அறியவில்லை என்பதையும் உணர்ந்திருக்கிறான். இது 'ஜஹ்லு பஸீத்', எளிய அறியாமை. மற்றொருவனும் அறியாதவனே, ஆனால் அறிந்தவனாகத் தன்னை எண்ணிக்கொண்டிருக்கிறான். இது 'ஜஹ்லு முரக்கப்', கூட்டு அறியாமை. முன்னதற்கு ஓர் ஆசிரியர் போதும். பின்னதற்கு மருந்தூட்டுவது கடினம். நோயாளி தன்னையே மருத்துவனாகக் கருதிக்கொண்டிருக்கிறான்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. அறிய வேண்டியவை யாவும் ஒருவனுடைய கைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். அவனோ அவற்றைத் தனித்தனியே வைத்திருக்கிறான். சேர்த்துவிடாதபடி காத்துக்கொண்டும் இருக்கிறான். இதனை அறியாமை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. அறிவு என்றும் சொல்ல முடியவில்லை. மனிதன் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் நிலை இது. இதனை விளக்குமாறு மாணவர் கேட்கும்போதெல்லாம், தருக்க நூலை மூடி வைத்துவிட்டு நாம் ஓர் அரசனின் கதையைச் சொல்வது வழக்கம். தீப்ஸ் நகரை ஆண்ட ஈடிப்பஸின் கதை அது.

அரபு வழியே வந்த கதை

ஏதென்ஸ் நகரத்து நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் இந்நாடகத்தை இயற்றியது ஏறத்தாழ கி.மு. 429-ஆம் ஆண்டை ஒட்டி என்பர். அதற்கு முந்திய ஆண்டுதான் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது. நாடகமும் கொள்ளைநோயில்தான் தொடங்குகிறது. சோஃபக்ளீஸ் வெறும் ஏட்டுப் புலவரும் அல்லர். தம் நகரத்துப் படைத்தலைவர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பெரிக்ளீஸுடன் பதவி வகித்தவர். அதிகாரத்தின் இருக்கையில் அமர்ந்தவனுக்கு எது தெரியும், எது தெரியாமற் போகும் என்பதை அருகிலிருந்து கண்டவர்.

நாம் இக்கதையை அறிந்தது அரபு மொழியின் வாயிலாக. அந்த மொழிக்கு அது வந்து சேர்ந்த வரலாறும் சுவையானது. கி.பி. 10-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் என்னும் கிறிஸ்தவ அறிஞர் அரிஸ்டாட்டிலின் கவிதையியல் நூலை ஸுர்யானி மொழியிலிருந்து அரபியாக்கினார். அந்நூலில் ஈடிப்பஸ் நாடகம் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டாக வருகிறது. ஆனால் நாடக மேடை என்பதையே கண்டிராத சூழலில், துன்பியல் நாடகத்தை அவர் 'மதீஹ்', அதாவது புகழ்ப்பாட்டு என்று பெயர்த்தார். இன்பியல் நாடகத்தை 'ஹிஜாஉ', அதாவது வசைப்பாட்டு என்றார். ஸ்பெயினில் தோன்றிய பேரறிஞர் இப்னு ருஷ்து (1126 - 1198) அவர்களும் அச்சொற்களைக் கொண்டே அந்நூலுக்கு உரை வகுத்தார்கள். அரிஸ்டாட்டிலின் அறிவை உலகுக்குப் பொருள் விளக்கியவர்கள் அவர்கள். இருந்தும் கண்ணால் காணாத ஒன்றைச் சொல்லால் மட்டும் பிடிக்க முடியவில்லை.

பல நூற்றாண்டுகள் கழித்து, எகிப்து நாட்டின் தாஹா ஹுஸைன் (1889 - 1973) சோஃபக்ளீஸின் நாடகங்கள் சிலவற்றை அரபியில் பெயர்த்தார். ஈடிப்பஸ் நாடகமும் அவற்றுள் ஒன்று. அரபியில் அவ்வரசன் பெயர் 'ஊதீப்'. தாஹா ஹுஸைன் சிறு குழந்தையாக இருந்தபோதே இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பிறர் படிக்கக் கேட்டுக் கற்றவர். தாம் சொல்லப் பிறர் எழுத நூல் செய்தவர். பின்னாளில் எகிப்தின் கல்வி அமைச்சராகவும் இருந்தவர். அவருடைய சமயக் கருத்துகள் சிலவற்றோடு ஆலிம்கள் கடுமையாக மாறுபட்டனர். அது வேறு செய்தி. கண்ணுள்ள அரசன் குருடனாயிருந்த கதையை, கண்ணற்ற ஒருவர் நமக்கு அரபியில் அளித்தார் என்பதை நினைக்காமல் அந்தப் பக்கங்களைப் புரட்ட நம்மால் இயல்வதில்லை.

நல்ல அரசனின் நோய்

தீப்ஸ் நகரில் பயிர் கருகுகிறது, கால்நடை மாய்கிறது, கருவுற்ற பெண்களின் பிள்ளைகள் பிழைப்பதில்லை. முதியோரும் சிறாரும் அரண்மனை வாயிலில் வந்து முறையிட்டு அமர்ந்திருக்கின்றனர். அரசன் ஏவலாளை அனுப்பவில்லை. தானே வெளியே வருகிறான். அவர்களைப் பிள்ளைகளே என்றழைக்கிறான். அவர்களுடைய துயரத்தால் தான் உறங்கவில்லை என்கிறான். தெய்வ வாக்கை அறிந்துவர மைத்துனன் கிரியோனை டெல்ஃபிக்கு முன்னரே அனுப்பியும் இருக்கிறான்.

இதனை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவன் என்றதும் தீயவன் ஒருவனையே நாம் கற்பனை செய்கிறோம். ஈடிப்பஸ் தீயவன் அல்லன். குடிகளிடம் அன்புள்ளவன், சோம்பாதவன், மதிநுட்பம் மிக்கவன். ஸ்பிங்ஸ் என்ற விசித்திர விலங்கு நகர வழியை அடைத்துக்கொண்டு, காலையில் நான்கு காலும் நண்பகலில் இரண்டு காலும் மாலையில் மூன்று காலும் உடையது எது என்று கேட்டு, விடை தெரியாதோரைக் கொன்றுவந்தது. மனிதன் என்ற விடையைச் சொல்லி அந்நகரை மீட்டவன் அவனே. அதற்குப் பரிசாகவே அரியணையும், இறந்துபோன லாயஸ் மன்னனின் மனைவி ஜொகாஸ்டாவும் அவனுக்குக் கிடைத்தனர். மனிதன் யார் என்ற புதிரை விடுவித்தவனுக்கு, இந்த மனிதன் யார் என்பது தெரியவில்லை. அவன் பெயருக்கு வீங்கிய கால் என்று பொருள். அதே பெயரில் அறிந்தேன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஒலியும் கலந்திருப்பதை அம்மொழி அறிஞர் சுட்டுவர்.

கிரியோன் கொண்டுவந்த வாக்கு இது: லாயஸைக் கொன்றவன் இந்நகரிலேயே இருக்கிறான், அவனை அகற்றினால் நோய் நீங்கும். உடனே அரசன் விசாரணையைத் தொடங்குகிறான். கொலைகாரனைச் சபிக்கிறான். தான் அறியத் தன் வீட்டிலேயே அவன் இருந்தாலும் அந்தச் சாபம் தன்னையே சேரட்டும் என்கிறான். லாயஸுக்காகத் தன் சொந்தத் தந்தைக்காகப் போராடுவதைப் போலப் போராடுவேன் என்றும் சொல்கிறான். அவன் சொன்ன சொல் ஒவ்வொன்றும் உண்மை. சொன்னவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

கைக்குள் இருந்த சான்றுகள்

அவனிடம் இருந்த சான்றுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம்.

கொரிந்த் நகரத்து அரசன் பாலிபஸின் மகனாக அவன் வளர்ந்தான். விருந்தொன்றில் குடிவெறியில் இருந்த ஒருவன், நீ உன் தந்தையின் மகன் அல்லன் என்று சொல்லிவிட்டான். அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. டெல்ஃபிக்குச் சென்று கேட்டான். கேட்ட கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற கொடிய முன்னறிவிப்பே கிடைத்தது. இங்கேதான் அவனுடைய முதல் வழுக்கல் நேர்ந்தது என்பது நம் துணிபு. என் பெற்றோர் யார் என்று கேட்கப் போனவன், விடை பெறாமலே, பாலிபஸும் அவர் மனைவியுமே தன் பெற்றோர் என்று முடிவு கட்டிக்கொண்டு கொரிந்தை விட்டு ஓடினான். கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை கிடைத்தவனைப் போல அவன் நடந்துகொண்டான்.

இரண்டாவது சான்று, குழந்தைப் பருவம் முதல் அவன் கணுக்கால்களில் இருந்த வடுக்கள். மூன்றாவது, மூன்று வழிகள் கூடுமிடத்தில் வண்டியில் வந்த முதியவர் ஒருவரையும் அவருடைய ஆட்களையும் அவன் கொன்றது. நான்காவது, தான் தீப்ஸுக்கு வந்து சேர்வதற்குச் சற்று முன்னர்தான் அந்நகர மன்னன் வழியில் கொலையுண்டான் என்பது.

இத்தனை ஆண்டுகள் அரசாண்டும், தனக்கு முன்னிருந்த மன்னன் எப்படி இறந்தான் என்பதை ஈடிப்பஸ் விசாரித்தறியவே இல்லை. நாடகம் தொடங்கிய பின்னரே, புதிதாகக் கேட்பவனைப் போலக் கிரியோனிடம் கேட்கிறான். இது இயல்புக்குப் பொருந்தாதது என்பதை அரிஸ்டாட்டில் கண்டார். நாடக நிகழ்ச்சிக்கு வெளியே கிடப்பதால் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார். நமக்கோ இது மிகவும் இயல்பானதாகவே படுகிறது. இருக்கை கிடைத்தவன், அந்த இருக்கை எப்படிக் காலியாயிற்று என்று கேட்பது உலகத்தில் அரிது.

கண்ணற்றவர் சொன்னதும் கண்ணுள்ளவன் கேட்டதும்

டைரீசியஸ் என்ற பார்வையற்ற முதியவரைச் சிறுவன் ஒருவன் கைப்பிடித்து அழைத்து வருகிறான். அவருக்கு உண்மை தெரியும், சொல்ல மனமில்லை. அரசன் வற்புறுத்துகிறான், சினக்கிறான், இறுதியில் அவர்மீதே பழி சுமத்துகிறான். அதன் பின்னரே அவர், தேடப்படுபவன் நீயே என்கிறார். அரசன் என்ன செய்ய வேண்டும்? ஒரு கணம் நின்று, கணுக்காலைக் குனிந்து பார்த்தால் போதும். அவனோ அவருடைய கண்ணைப் பழிக்கிறான். காதும் அறிவும்கூட அவருக்குக் குருடு என்கிறான். கிரியோன் அரியணையைக் கவரச் செய்யும் சூழ்ச்சி இது என்று முடிவு செய்கிறான். புதிரை விடுவித்தவன் நானல்லவா, அப்போது உன் ஞானம் எங்கே போயிற்று என்று கேட்கிறான்.

ஆள்பவனின் குருட்டுத்தன்மை இருட்டாக வருவதில்லை. பிறருடைய குற்றம் பளிச்சென்று தெரிவதாக வருகிறது. தன்னைப் பற்றி ஒரு சொல் எழுந்தவுடன், அச்சொல் உண்மையா என்று கேளாமல், சொல்பவனை அனுப்பியவன் யார் என்று கேட்கிறான். சுற்றியுள்ளோரும் அதற்குத் துணை நிற்கின்றனர். ஸ்பிங்ஸின் சோதனையில் தேறியவன் நம் அரசன், ஆகவே சான்றில்லாமல் அவனைக் குற்றவாளி என்று ஒப்பமாட்டோம் என்று நகரத்து முதியோர் குழு பாடுகிறது. அவர்களுடைய நன்றியும் அவன் கண்ணில் விழுந்த மற்றொரு திரை ஆயிற்று.

இந்தத் திரையைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் எகிப்திய நாடகாசிரியர் தவ்ஃபீக்குல் ஹகீம். 1949-இல் வெளிவந்த அவருடைய 'அல்மலிக் ஊதீப்' நாடகத்தில், ஈடிப்பஸ் கொன்றது விசித்திர விலங்கை அன்று, சாதாரணச் சிங்கத்தை. புதிர் கேட்ட விலங்கு என்ற கதையைக் கட்டி அவனை அரியணையில் ஏற்றியவர் டைரீசியஸ். மக்கள் நம்பிய பொய்யின் மீது ஆட்சி நடக்கிறது. அரசனுக்கும் அது தெரியும். சோஃபக்ளீஸின் அரசன் உண்மையான புகழால் மயங்கினான். ஹகீமின் அரசன் பொய்யான புகழோடு வாழப் பழகினான்.

'கொள்ளையர்' என்ற பன்மை

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா உலூமித்தீன் நாற்பது கிதாபுகளைக் கொண்டது. அழிவில் ஆழ்த்தும் தன்மைகளைக் கூறும் மூன்றாம் பகுதியின் இறுதிக் கிதாபு 'குரூர்' என்னும் தன்மயக்கத்தைப் பற்றியது. கோபம், பொறாமை, கருமித்தனம், பெருமை ஆகிய யாவற்றையும் சொல்லி முடித்த பின்னர், எல்லாவற்றுக்கும் கடைசியாக அதனை இமாமவர்கள் வைத்தார்கள். மயங்குவோரை நான்கு வகுப்பாக்கி, கற்றறிந்தோரையே முதல் வகுப்பில் நிறுத்தினார்கள். வணக்கசாலிகளும், ஸூஃபிகளும், செல்வர்களும் பின்னரே வருகின்றனர்.

குரூர் என்பதற்கு அவர்கள் தரும் இலக்கணத்தின் சாரம் இது: தன் இச்சைக்கு இசைவான ஒன்றில், ஷைத்தானின் ஏமாற்றால் ஒரு 'ஷுப்ஹா'வைப் பற்றிக்கொண்டு, நஃப்ஸு அமைதி கொள்ளுதல். ஷுப்ஹா என்றால் ஆதாரம் போலத் தோற்றமளிக்கும் ஒன்று. தன்னை ஏமாற்றிக்கொள்வதற்கு முழுப் பொய் தேவையில்லை. ஆதாரத்தின் சாயல் உள்ள ஒரு சிறு துரும்பு போதும். மனம் அதன்மீது சாய்ந்து இளைப்பாறிவிடும்.

ஈடிப்பஸின் துரும்பு எது? ஜொகாஸ்டா அவனைத் தேற்றுகிறாள். முன்னறிவிப்புகள் பொய், என் முதற் கணவன் மகன் கையால் சாவான் என்றார்கள், அவனையோ மூன்று வழிகள் கூடுமிடத்தில் கொள்ளையர் கொன்றனர், பிறந்த பிள்ளையைக் கணுக்கால்களைப் பிணித்து மலையில் எறியச் செய்தாயிற்று என்கிறாள். மூன்று வழிகள் என்ற சொல் அவனைத் திடுக்கிடச் செய்கிறது. லாயஸ் எப்படி இருந்தான்? உயரமானவன், நரை தோன்றத் தொடங்கியவன், தோற்றத்தில் உன்னைப் போன்றவன். எத்தனை பேர் வந்தனர்? ஐவர், ஒரே ஒரு வண்டி. தப்பி வந்தவன் யார்? ஒரு பணியாள், நீ அரசனாக அமர்ந்ததைக் கண்டதும் இந்நகரைக் காணாத தொலைவுக்குத் தன்னை அனுப்பிவிடுமாறு கெஞ்சிப் பெற்றுப் போனான்.

இதற்குமேல் என்ன வேண்டும்? ஆயினும் ஒரு துரும்பு மிஞ்சியிருந்தது. அந்தப் பணியாள் கொள்ளையர் என்று பன்மையில் சொல்லியிருந்தான். ஒருவன் பலர் ஆக மாட்டான் அல்லவா? தான் தனியனாகவே கொன்றான். ஆகவே அது வேறு நிகழ்ச்சி. வயது பொருந்துகிறது, இடம் பொருந்துகிறது, காலம் பொருந்துகிறது, வண்டி பொருந்துகிறது, ஆட்களின் எண்ணிக்கை பொருந்துகிறது. ஒரு பன்மை விகுதி பொருந்தவில்லை; அந்த விகுதியின்மேல் ஓர் அரசன் தன் உயிரையும் மானத்தையும் சாய்த்து இளைப்பாறுகிறான். இமாமவர்களின் இலக்கணத்துக்கு இதனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நாம் கண்டதில்லை. இலக்கணம் கற்பிக்கும் நமக்கு ஒருமை, பன்மை என்பது விகுதிப் பாடம் மட்டும் அன்று என்பதும் இங்கேதான் விளங்கியது.

ஹஜ்ரத் கேட்ட கேள்வி

நமக்குக் குர்ஆனை மனனம் செய்வித்த ஹஜ்ரத் அவர்கள் இளமையில் வைசூரியால் பார்வை இழந்தவர்கள். நடந்து வரும் காலடியைக் கேட்டே, வருவது எந்த மாணவன் என்று சொல்வார்கள். ஓதும்போது நம் பார்வை ஏட்டின்மீது விழுந்ததா, இல்லையா என்பதைக் குரலைக் கொண்டே அறிந்துவிடுவார்கள். பார்வையற்றவரை 'பஸீர்', பார்வையுள்ளவர், என்று மங்கலமாகக் குறிப்பது அரபியர் மரபு. அச்சொல் வெறும் உபசாரம் அன்று என்பதை ஹஜ்ரத்திடம் ஓதியவர் அறிவர். கண் பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்ற காலங்களில் பன்முறை அந்நகரின் பொறுப்பை அவர்களிடம் விட்டுச் சென்றதையும் வரலாறு கூறுகிறது.

நாம் ஆசிரியப் பணியில் அமர்ந்து சில ஆண்டுகள் சென்ற பின்னர், ஹஜ்ரத்தைக் காணச் சென்றபோது தாஹா ஹுஸைனின் பெயர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. கதையைச் சொல்லுமாறு பணித்தார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை சொன்னோம். தந்தையைக் கொன்ற செய்திக்கும் தாயை மணந்த செய்திக்கும் 'அஸ்தஃபிருல்லாஹ்' என்றார்கள். பின்னர் வெகுநேரம் பேசாதிருந்து ஒன்று கேட்டார்கள்:

"அது சரி தம்பி, வழியில் செத்தார்களே அந்த வேலைக்காரர்கள், அவர்களுக்கு யார் பதில் சொன்னது?"

இக்கேள்வியை நாம் படித்த திறனாய்வு எதிலும் கண்டதில்லை. ஹஜ்ரத் இன்று நம்மிடையே இல்லை; கேள்வி இருக்கிறது. அதனைக் கையில் வைத்துக்கொண்டு நாடகத்தைத் திறந்தால், இதுவரை தெரியாத ஒரு பக்கம் தெரிகிறது.

முச்சந்தியில் நடந்ததை ஈடிப்பஸ் தன் வாயாலேயே சொல்கிறான். வண்டியோட்டி அவனை வழியிலிருந்து தள்ளினான். இவன் அவனை அடித்தான். வண்டியிலிருந்த முதியவர் தார்க்கோலால் இவன் தலையில் அடித்தார். இவன் கைத்தடியால் அவரை வீழ்த்தினான். அடிக்கு அடி என்ற அளவோடு அது நிற்கவில்லை, அவர் பெற்ற தண்டனை அதனினும் பெரிது என்பதையும் தானே சொல்கிறான். பழிக்குப் பழி வாங்க நேர்ந்தாலும் அளவு மீறலாகாது, பொறுத்தல் அதனினும் மேலானது என்பது நம் மறையின் போதனை. அதன்பின் எஞ்சியோர் எல்லாரையும் கொன்றதாக அவன் சொல்கிறான். ஆனால் ஒருவன் தப்பிவிட்டான்! எத்தனை பேரைக் கொன்றோம் என்பதைக்கூட அவன் திரும்பிப் பார்த்து எண்ணவில்லை. எண்ணப்படாத அந்த ஒருவனிடத்தில்தான் உண்மை இத்தனை காலமும் உயிரோடிருந்தது.

அந்தக் கொலைகள் அவனுக்குத் தெரியாதவை அல்ல. இறந்தவர் தன் தந்தை என்பதுதான் தெரியாது. மனிதர் இறந்தனர் என்பது தெரியும். தெரிந்தும் அது அவன் உறக்கத்தைக் கெடுக்கவில்லை. இறந்தவர் மன்னராக இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்த பின்னரே நெஞ்சு நடுங்குகிறது. நகரத்தின் துயரத்துக்காகக் கண் விழித்த அன்புடைய அரசன், பெயர் தெரியாத வழிப்போக்கரின் குருதியை ஒரு குற்றமாகவே கணக்கில் வைக்கவில்லை. தான் அறியாமல் செய்தவற்றுக்காகவே உலகம் அவனை நினைவில் வைத்திருக்கிறது. அவன் அறிந்தே செய்த ஒன்று உண்டு. அதனை அவனும் பார்க்கவில்லை, நாடகம் பார்க்கும் நாமும் பார்ப்பதில்லை. தன்னை ஏமாற்றிக்கொள்வதன் வேர் இவ்விடத்தில் இருக்கிறது. நெஞ்சம் எவரை மனிதராக எண்ணவில்லையோ, அவர் விஷயத்தில் கண் பார்ப்பதே இல்லை.

திருக்குர்ஆனின் ஹஜ்ஜு அத்தியாயம் குருட்டுத்தன்மையைப் பார்வைக்கு உரியதாகக் கூறாமல் உள்ளத்துக்கு உரியதாகக் கூறுவதன் ஆழம் இதுவே. யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். கண்ணுள்ள சகோதரர்கள் பொய்க் குருதி பூசிய சட்டையைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய நஃப்ஸு அச்செயலை அவர்களுக்கு அழகாக்கிக் காட்டியது என்பதைத் தந்தை யஃகூப் நபி (அலை) அவர்கள் அப்போதே உணர்ந்தார்கள். பின்னாளில் துயரத்தால் அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. அந்நிலையிலும் தொலைவிலிருந்தே மகனின் வாடையை உணர்ந்தவர்கள் அவர்களே.

திரும்பி வந்த தீர்ப்பு

இவ்வளவோடு நின்றிருந்தால் ஈடிப்பஸ் வெறுக்கத்தக்க அரசர்களுள் ஒருவனாக முடிந்திருப்பான். அவன் நிற்கவில்லை.

கொரிந்திலிருந்து தூதன் ஒருவன் வருகிறான். பாலிபஸ் இறந்தார் என்ற செய்தியோடு, நீ அவருக்குப் பிறந்த மகன் அல்லன், உன்னை மலையில் ஓர் இடையனிடமிருந்து வாங்கிக் கொடுத்தவனே நான்தான் என்கிறான். கணுக்கால் வடுவும் அவன் வாயில் வருகிறது. ஜொகாஸ்டாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. இதனைத் தேடாதே என்று கணவனிடம் மன்றாடுகிறாள். உண்மையை மூடி வைத்துக்கொண்டு வாழ்ந்துவிட முடியும் என்பது அவள் வழி. ஈடிப்பஸோ அப்போதும் ஒரு கடைசித் துரும்பைப் பற்றுகிறான்: நான் அடிமையின் மகனாக இருந்துவிடுவேனோ என்று இவள் நாணுகிறாள் என்று எண்ணுகிறான். ஆனாலும் தேடலை விடவில்லை. முதிய இடையனை அழைப்பிக்கிறான். அன்று முச்சந்தியில் தப்பியவனும், அதற்கு முன் குழந்தையைக் கையளித்தவனும் அவனே. கொடிய ஒன்றைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்று அவன் நடுங்க, கேட்கும் விளிம்பில் நானும் நிற்கிறேன், ஆயினும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் அரசன்.

அவனுடைய உயர்வெல்லாம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. இடையனைத் திருப்பியனுப்ப அவனால் முடியும். விசாரணையை முடித்துவைக்க அவனால் முடியும். யாரோ ஓர் எளியவனைக் குற்றவாளி என்று காட்டி நகரை அமைதிப்படுத்தவும் முடியும். அவன் அவற்றுள் எதனையும் செய்யவில்லை. பிறனுக்கென்று தான் எழுதிய தீர்ப்பு தன் வாயிலில் வந்து நின்றபோது, இது எனக்குப் பொருந்தாது என்று அவன் சொல்லவில்லை.

இங்கே ஸாத் அத்தியாயத்தில் வரும் தாவூத் நபி (அலை) அவர்களின் நிகழ்ச்சி நினைவில் எழுகிறது. நபிமார்களை இத்தகைய அரசனோடு ஒப்பிட நாம் துணியோம்; தீர்ப்பு சொன்னவரிடமே திரும்பும் அந்த விதத்தை மட்டும் கருதுகிறோம். மதில் ஏறி வந்த வழக்காளிகள் இருவர். ஒருவனிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள், மற்றவனிடம் ஒன்று. அந்த ஒன்றையும் முன்னவன் கேட்கிறான். தாவூத் (அலை) தீர்ப்பளித்தார்கள், அளித்த உடனே, சோதிக்கப்பட்டது தாமே என உணர்ந்தார்கள், பணிந்து மன்னிப்புக் கோரினார்கள், மன்னிக்கப்பட்டார்கள். அதனைத் தொடர்ந்தே, பூமியில் பிரதிநிதியாக்கப்பட்டவர் உண்மையைக் கொண்டு தீர்ப்பளிக்க வேண்டும், இச்சையைப் பின்பற்றலாகாது என்ற கட்டளை வருகிறது.

கிரேக்க அரசனுக்கு அத்தகைய வாயில் இல்லை. ஜொகாஸ்டா தூக்கிட்டு மாண்டாள். அவள் ஆடையின் ஊசிகளை எடுத்துத் தன் கண்களைக் குத்திக்கொண்டான் அவன். தன்னுடலுக்குத் தானே ஊறு செய்வதை நம் மார்க்கம் ஒப்புவதில்லை. அதனை நாம் போற்றவும் முடியாது. கண் செய்யாத குற்றத்துக்குக் கண்ணைத் தண்டித்தான் என்றே சொல்ல வேண்டும். தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்று அறிந்த சமுதாயம், உண்மையை எதிர்கொள்வதில் அவனைவிட அஞ்சாததாக இருக்க வேண்டும். அவனுக்கு உண்மையின் மறுபுறத்தில் இருள் மட்டுமே இருந்தது. இருந்தும் அவன் அதனை நோக்கி நடந்தான். நமக்கோ மறுபுறத்தில் மன்னிப்பு இருக்கிறது; இருந்தும் நாம் பன்மை விகுதிகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறோம்.

தீர்ப்புச் சொல்வோருக்கு

அரியணை இல்லாதவருக்கும் ஆட்சி உண்டு. வகுப்பில் ஆசிரியர் ஆள்கிறார். மஹல்லாவில் பொறுப்பாளர் ஆள்கிறார். வீட்டில் தந்தை ஆள்கிறார். பிறர் குற்றத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருப்போருக்கெல்லாம் இக்கதை உரியது. கியாமா அத்தியாயம், மனிதன் எத்தனை சாக்குகளை எடுத்து வைத்தாலும் தன்மீது தானே சாட்சியாக இருக்கிறான் என்ற கருத்தை உரைக்கிறது. அவ்விடத்தில் வரும் அரபுச் சொல் 'பஸீரத்'. பார்வை என்று பொருள்படும் 'பஸர்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. தன்னைப் பார்க்கும் பார்வை ஒவ்வொருவனுக்குள்ளும் வைக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாதவன் எவனும் இல்லை. மூடி வைத்திருப்பவனே உண்டு.

மூடியைத் திறக்க வழி கேட்கும் மாணவர்க்கு நாம் மூன்று கேள்விகளைச் சொல்வோம். நம்மைப் பற்றிய குறை காதில் விழும்போது முதலில் எழுவது, இது உண்மையா என்ற கேள்வியா, இதனைச் சொன்னவன் யார் என்ற கேள்வியா? நம் மனம் இளைப்பாறிக்கொண்டிருக்கும் ஆதாரம் தூணா, துரும்பா? நாம் நடந்துவந்த வழியில் நம் கையால் துன்புற்று, நாம் பெயர்கூடக் கேளாமல் கடந்து வந்தவர் எவரேனும் உண்டா? மூன்றாவது கேள்வி ஹஜ்ரத்துடையது, கடினமானதும் அதுவே.

சோஃபக்ளீஸ் தம் முதிய வயதில் இவ்வரசனின் கதைக்கு மற்றொரு நாடகத்தையும் எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின்னர், கி.மு. 401-இல் அரங்கேறியது. அதில் ஈடிப்பஸ் நாடிழந்த முதியவன். மகள் ஆன்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, ஏதென்ஸை அடுத்த கொலோனஸ் என்னும் இடத்துக்கு வந்து சேர்கிறான். தன் முடிவு நெருங்கியதை உணர்ந்ததும் எழுகிறான். இப்போது அவனுக்கு எவர் கையும் தேவைப்படவில்லை. மகள்களும், ஏதென்ஸ் மன்னன் தீசியஸும் பின்தொடர, அந்தக் கண்ணற்றவன் முன்னே நடந்து அவர்களுக்கு வழி காட்டுகிறான்.